387

வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை.
387 என்று மட்டும் போட்டிருக்கிறது.
பக்கத்தில் ஒரு புள்ளி,
யாரோ பேனாவை ஊன்றி யோசித்துவிட்டு
எழுந்து போனதுபோல.

முப்பத்தொரு வருடம் கேஸ் மீட்டர் படித்தவன் நான்.
எண்ணைக் குறித்துக்கொண்டு
கதவைச் சாத்திவிட்டு வருவது என் வேலை.
ஓய்வு பெற்ற பிறகுதான்
எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று
கேட்கத் தோன்றியது.

சுற்றிலும் முப்பது மீட்டர் சரிந்தால் போதும்,
குன்று என்று பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.
இது முப்பத்திரண்டு சரிகிறது.
சொற்ப மதிப்பெண்ணில் தேறிய பிள்ளை.
பெயர்தான் பாக்கி.

அபெரிஸ்ட்வித்தில், நூலகத்தின் மேல்மாடியில்
பென்சிலுக்கு மட்டுமே அனுமதி.
நெஸ்டா சுருளைப் பிரித்து
நான்கு மூலைக்கும் மணல்பைகளை வைத்தாள்,
விட்டால் எழுந்து ஓடிவிடும் என்பதுபோல.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு.
தசமபாகத்துக்காக வரைந்தது.
தேவனுக்குப் பத்தில் ஒரு பங்கு,
அதைக் கணக்குப் போட
ஒவ்வொரு வயலின் பெயரையும் கேட்டிருக்கிறார்கள்.
பிரியமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டார்கள்.

வயலுக்கு எங்கள் சொல் ‘கை’.
கை ஹீர், நீள வயல்.
கை பாக், சின்ன வயல்.
ஒன்றை எழுத்தர் ‘கை கோசி’ என்று எழுதியிருக்கிறார்.
எங்கிருந்தோ வந்த ஆள்,
காதில் விழுந்ததை எழுதிவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பார்.
அது என்ன வயல் என்று இன்றுவரை தெரியவில்லை.

எண் 614. மேய்ச்சல் நிலம்.
பதினொரு ஏக்கர்.
அனுபவிப்பவர்: லவ்ரி பிரித்தெர்க், விதவை.
மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ்.
பெயர்: ஃப்ரீத் அ கசெக்.
பெண்குதிரையின் மேட்டுப் புல்.
கோடு ஏறிப்போய்
உச்சியைத் தொட்டு நிற்கிறது.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி கத்தியது.

“உட்காருங்கள்,” என்றாள் நெஸ்டா.
“உச்சி இரண்டு பங்குக்கும் எல்லை.
அந்தப் பக்கம் வேறு கோயில், வேறு பாதிரியார்,
வேறு சுருள்.”

எண் 88.
அதே உச்சி, மேற்கிலிருந்து.
பிரின் அ தலெட்.
கடன்மேடு.

யார் யாருக்குத் தர வேண்டிய கடன்?
அதற்குக் கட்டம் போடவில்லை.

சனிக்கிழமை ஏறிப்போனேன்.
உச்சியில் முள்வேலி, அதில் ஆட்டுமயிர்.
கிழக்கே நின்றால் குதிரை.
மேற்கே தாண்டினால் கடன்.
தாண்டும்போது கால்சட்டை கிழிந்தது.

யோர்வெர்த் நாலுசக்கர பைக்கில் வந்தார்.
இப்போது இரண்டு பக்கமும் அவருடையது.
“இதை என்னவென்று சொல்வீர்கள்?”
“எதை?”
காலடியைக் காட்டினேன்.
“இதுவா? மேலே.”
நாய் எங்கே, மேலே.
செம்மறி எங்கே, மேலே.
போனில் சிக்னல் எங்கே கிடைக்கும், மேலே.
கொஞ்சதூரம் போய், பைக்கை நிறுத்தி,
திரும்பிப் பார்த்துக் கேட்டார்:
“பெயர் வைத்தால் வரி வருமா?”

ராத்திரி சமையலறை மேசையில்
கதை தானாக வளரப் பார்த்தது.
விதவை ஒருத்தி, கடன் ஒன்று,
மேற்குப் பக்கத்துக்காரன்
கயிற்றைப் பிடித்து இழுத்துப்போகும் குதிரை.
நிறுத்தினேன்.
மீட்டரில் இல்லாததை எழுதினால்
யாரோ ஒருவர் பணம் கட்ட வேண்டிவரும்.

பட்டியலில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
குதிரையை எழுதினேன்.
குறிப்பில், சின்ன எழுத்தில்:
மேற்கிலிருந்து பார்த்தால் கடன்.

படுக்கப்போகையில் போன் மினுக்கியது.
யோர்வெர்த்.
என் நாய் ஒரு கையுறையைக் கவ்விவந்திருக்கிறது,
இடது கை, பச்சை.
மேலே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.